கொட்டுக்கார மர்சூக்கின் கூலி

ஹாஜி ஷாபான் கொட்டுக்கார மர்சூக்குக்கு அறுநூறு தினார் தர வேண்டியிருந்தது. மூத்த மகன் கல்யாணத்தில் மூன்று நாள் அடித்ததற்கான கூலி அது. வாயால் பேசி, கையில் கை தட்டி முடித்த தொகை. கல்யாணம் முடிந்து ஐந்து கோடை போய்விட்டது. மாப்பிள்ளைக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, பாரிஸில் அவன் மளிகைக்கடை வாசலில் ஓடி விளையாடுகின்றன. அறுநூறு மட்டும் வந்தபாடில்லை.

ஜெர்பாத் தீவில் கொட்டு என்றால் மர்சூக்தான். இதில் சண்டைக்கு வருகிறவன் வரட்டும். அஜீம் துறையில் படகை விட்டு இறங்கும்போது எங்கோ ஒரு கல்யாண மேளம் காதில் விழுந்தால், அடிப்பது மர்சூக்கா வேறு ஆளா என்று நாலாவது அடியிலேயே சொல்லிவிடலாம். மற்றவர்கள் நாலாவது அடியை அடித்துவிடுவார்கள். மர்சூக் அதை ஒரு மூச்சு பிடித்து வைப்பார். கேட்கிறவன் வயிற்றில் படி தவறியதுபோல் இருக்கும். அப்போது வந்து விழும் பாருங்கள் அந்த அடி! எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பதினாலு வயதில் துறையில் மீன் கூடை தூக்கிச் சேர்த்த காசில் கொட்டு வாங்கினார். முப்பது வயதில் கொட்டடித்த காசில் இரண்டு அறை வைத்துச் சிமெண்டு வீடு கட்டினார். யாரும் தூக்கிவிட்டு வந்தவர் அல்ல.

எங்கள் கல்யாணங்களில் கொட்டுக்காரனுக்குக் காசு வருகிற வழி ஒன்று உண்டு. விருந்தாளி எழுந்து வந்து ஒரு நோட்டைக் கொட்டுக்காரன் நெற்றியில் ஒட்டுவார். வியர்வையில் அது நிற்கும். கொட்டுக்காரன் உடனே அடியை நிறுத்தி, ஒட்டியவரின் பேரை, அவர் அப்பன் பேரை, பாட்டன் பேரைக் கூட்டம் கேட்கக் கூவ வேண்டும். "இது எங்கள் எசமான் இன்னார், எங்கள் எசமான் இன்னாரின் மகன்..." என்று இழுத்துக் கூவினால்தான் கொடுத்தவருக்குத் திருப்தி. ஒட்டுகிறவர்களை அஹ்ரார் என்போம், சுதந்திரமானவர்கள் என்று அர்த்தம். தீவில் வெளுத்த தோலுக்கு அதுதான் பேர். கூவுகிறவர்கள் கறுப்பர்கள். அவர்களுக்கு என்ன பேர் என்பதை எழுதிக் கையை அழுக்காக்கிக்கொள்ள வேண்டாம்.

ஹாஜி ஷாபான் வீட்டில் அதற்கு மேல் கூலிப் பேச்சே கிடையாது. மர்சூக்கின் முன்னோர் அந்த வீட்டுக்குச் சொந்தப் பொருளாக இருந்தவர்கள். அதனால் அந்த வீட்டு விசேஷத்துக்கு மர்சூக் சும்மா அடிக்க வேண்டும். நெற்றியில் விழுந்தது போதும். அப்படித்தான் அடித்தும் வந்தார். அந்தக் கோடையில் மட்டும் ஹாஜிக்கு ஆசை பெருத்துவிட்டது. பாரிஸ் பங்காளிகள் வருகிறார்கள், ஆறு பேர் கொண்ட கூட்டம் வேண்டும் என்றார். மர்சூக்கும் குழல் ஊதும் மைத்துனன் பூபக்கரும் போக, நாலு பேரைக் கடலுக்கு அப்பாலிருந்து காசு கொடுத்துக் கூட்டிவர வேண்டியிருந்தது. "அறுநூறு ஆகும்" என்றார் மர்சூக். "ஆகட்டும்டா" என்று ஹாஜி கையைத் தட்டினார்.

கல்யாணம் முடிந்த மறுவாரம் மர்சூக் ஹாஜியின் எண்ணெய்ச் செக்குக்குப் போனார்.

"வா மர்சூக், டீ குடி."

"டீ குடிக்க வரல எசமான். அந்த அறுநூறு..."

"எந்த அறுநூறு?"

"பேசினதுதான். நாலு பேருக்கும் நான் கையிலேர்ந்து குடுத்து அனுப்பிட்டேன்."

ஹாஜி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "டேய், உங்கம்மா எனக்குப் பால் குடுத்தவடா. அந்தப் பாலுக்கு அவ கூலி கேட்டாளா? நீ சொந்த வீட்டுக் கல்யாணத்துல அடிச்சிட்டு வந்து பில்லு நீட்டறியே, கேட்டா நாலு பேர் சிரிக்க மாட்டான்?"

செக்கில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். மர்சூக்கும் சிரித்தார். ஐந்து லிட்டர் எண்ணெயை ஒரு கேனில் ஊற்றிக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்தார். பிறகு இரண்டு முறை போய்க் கேட்டார், இரண்டு முறையும் டீதான் கிடைத்தது. அவர்கள் சிரித்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. கூடச் சேர்ந்து தானும் சிரித்தோமே என்பதுதான் உள்ளே நண்டுபோலப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

குளிர்காலம் கொட்டுக்காரனுக்கு ஆகாத காலம். கல்யாணம் இல்லை. தோல் ஈரம் பிடித்துத் தொங்கும். மர்சூக்குக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. வாசலுக்குப் போவார், வருவார், குஸ்குஸ் வேகவைக்கும் பாத்திரத்தின் மூடியில் தட்டுவார், மறுபடி வாசலுக்குப் போவார். மனைவி சல்ஹா மணப்பெண்களுக்கு மருதாணி போடுகிறவள். வீட்டில் இரண்டு பேர் வேலை செய்தாலும் வாய் ஒருத்தியுடையதுதான்.

"ஏ மனுஷா, ஒண்ணு வெளிய போ, இல்ல உள்ள உக்காரு. வாசப்படியில நின்னு என் உயிர வாங்காத."

"நான் நின்னா உனக்கென்ன?"

"நீ நிக்கலயே, ஆடிக்கிட்டுல்ல இருக்க. இந்தா, என் போன நோண்டு. மருதாணிப் படம் எதையும் அழிச்சிராத, அதான் நம்ம சோறு."

அப்படித்தான் இணையம் மர்சூக்கின் கைக்கு வந்தது. ஐந்தாவது கோடையும் போன அந்தக் குளிர்காலத்தில் வயது அறுபது. தடித்த விரல், ஒன்றைத் தொட்டால் மூன்று திறந்துகொள்ளும். பொறுமையாகத் தொட்டார். ஜெர்பா, கல்யாணம், கொட்டு என்று எழுத்துக் கூட்டிப் போட்டதும் முதலில் வந்து நின்றது அவரேதான். சிவப்புத் தொப்பி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் பத்து தினார் நோட்டு. ஹாஜி வீட்டுக் கல்யாணத்தில் எவனோ எடுத்துப் போட்டிருக்கிறான்.

"சல்ஹா! எண்பதாயிரம் பேர் பாத்திருக்கான்! பாதித் தீவு!"

"பாதித் தீவு பாத்து என்ன, அரைக் கிலோ கறி வந்துச்சா?"

மர்சூக்குக்குத் தலை கூரையைத் தொட்டது. கீழே எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார். அடி, அடடா, கை பாரு. நாலைந்துக்குக் கீழே ஒருவன், "யாரு வீட்டு அடிமை இது? நல்லா அடிக்குதே" என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே பதில், ஹாஜியின் மகன், மாப்பிள்ளையே எழுதியது: "நம்ம வீட்டோடது. மூணு நாள் அடிச்சான். ஒரு மில்லிம் கேக்கல." பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் மூன்று மஞ்சள் முகங்கள்.

சரியாகத்தான் வாசித்தோமா என்று சல்ஹாவிடம் நீட்டினார். அவள் வாசித்தாள். மருதாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"கேக்கலயாமே" என்றாள்.

"மூணு தடவ கேட்டேன்டி."

"எனக்குத் தெரியும். எண்பதாயிரம் பேருக்குத் தெரியாதே."

அன்று முதல் மர்சூக் போனை விடவில்லை. கொட்டு என்று போட்டுப் போட்டுப் பார்த்தார். மொராக்கோவில் இரும்புத் தாளம் போடுகிற கறுப்பர்கள். ஈராக்கில் பஸ்ராவில் ஒரு கிழவர், பற்களே இல்லை, கொட்டு மட்டும் பேசுகிறது. கடலுக்கும் அப்பால் பிரேசில் என்று ஒரு நாடு, அங்கே வெள்ளைப் பாவாடை கட்டிய ஒரு பெண் இரண்டு கையாலும் அடிக்கிறாள். பாஷை எதுவும் புரியவில்லை. ஆனால் அந்தப் பெண் நாலாவது அடியைப் பிடித்து வைத்தாள். மர்சூக் போனைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வீட்டைச் சுற்றி நடந்தார். திரும்பி வந்து மறுபடி போட்டார். மறுபடியும் பிடித்து வைத்தாள்.

"அது என் கை" என்றார். "என் கை எப்படி அங்க போச்சு?"

"கப்பல்லதான் போயிருக்கும்" என்றாள் சல்ஹா. "நம்ம பாட்டனுங்க இங்க வந்தது ஒட்டகத்துல பாதி, நடந்து பாதி."

"அவளுக்கு யாரு கூலி குடுக்கறா?"

"கேட்டுச் சொல்றேன், என் தங்கச்சி பாரு அவ."

தானும் அடித்துக் காட்ட வேண்டும் என்று மர்சூக்குக்கு வந்துவிட்டது. பார்க்க மட்டும் பிறந்தவரா அவர்? சல்ஹா போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, லைவ் போகிற பொத்தானை அமுக்கிவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தொழுகை முடிந்த நேரம். மர்சூக் அடித்தார். திரையின் ஓரத்தில் பேர்கள் முளைக்க ஆரம்பித்தன, பேரோடு சிவப்பு இதயங்கள் மிதந்து போயின.

நாற்பத்தைந்து வருடப் பழக்கம். பேர் வந்தால் அடி நிற்கும், வாய் திறக்கும். "இது எங்கள் எசமான் நூரி! அல்லாஹ் அவர் வீட்டை நிறைக்கட்டும்! இது எங்கள் எசமான் ஸுபைர், பெங்கஸியிலிருந்து! இது எங்கள் எசமாட்டி ஸுஹ்ரா!" ஒரு பேரை விடவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை இப்படிப் போனது. ஒவ்வொரு பேருக்கும் ஒரு கோடு என்று பழைய நாட்குறிப்பில் போட்டு வைத்தார். முன்னூற்றுப் பன்னிரண்டு கோடு. நாலாவது வாரம், சவரம் செய்து சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, நாட்குறிப்போடு தபால் நிலையத்துக்குப் போனார். பிரான்ஸிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் காசெல்லாம் அங்கேதான் வந்து சேரும். இதுவும் அங்கேதான் வர வேண்டும் என்பது அவர் கணக்கு.

சன்னலில் இருந்த பெண் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தாள்.

"மாமா, இது என்ன?"

"இதயம். முன்னூத்திப் பன்னெண்டு. சில ஆளுங்க ரெண்டு மூணு போட்டாங்க, அத நான் கணக்குல எடுத்துக்கல. ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். அநியாயமா கேக்க மாட்டேன்."

"இதயத்துக்கு இங்க காசு தர்றதில்ல மாமா."

"அப்ப எங்க தருவாங்க? சூக்குச் சந்தையில இருக்கற பெரிய ஆபீஸ்லயா?"

"எங்கயும் தர மாட்டாங்க. அது சும்மா புடிச்சிருக்குன்னு போடறது."

"பேரு கூவிட்டேனேம்மா! ஊரு கேக்கக் கூவியிருக்கேன்! கூவின பேருக்குக் காசு தராம யாராவது எழுந்து போவானா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த முறை மர்சூக் சிரிக்கவில்லை. நாட்குறிப்பை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஆறு கிலோமீட்டரை நடந்தே தீர்த்தார். வாகனத்தில் உட்கார அவர் உடம்பு அன்றைக்கு ஒப்பவில்லை.

வீட்டில் சல்ஹா திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இந்த ஸுஹ்ரா எழுதியிருக்கா பாரு. காபிஸ்காரி."

"என்னவாம்?"

சல்ஹா வாசித்தாள். "'அண்ணே, என் படத்தப் பாருங்க. நானும் உங்க நிறந்தான். எங்க வீட்டுலயும் கொட்டடிக்கிறவங்கதான். என்னைப் போயி எசமாட்டின்னு கூப்பிட்டீங்களே, அன்னிக்கு எனக்குச் சாப்பாடு எறங்கல.'"

மர்சூக் படத்தைப் பார்த்தார். பனங்கருப்பட்டி நிறம், தலையில் மஞ்சள் துணி, அவர் சொந்தத் தங்கை என்றால் நம்பிவிடலாம். கோடுகளை எண்ணிய அவர் ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. நூரியைத் தேடினார், அவனும் கறுப்பு. ஸுபைரும் கறுப்பு. முன்னூற்றுப் பன்னிரண்டில் பாதிக்கு மேல் கறுப்பு முகங்கள். தன் ஆட்களையே வரிசையாக நிறுத்தி எசமான் எசமான் என்று கும்பிட்டிருக்கிறார், அதற்கு நாட்குறிப்பில் கோடும் போட்டிருக்கிறார்.

அந்த வாரம் முழுவதும் அவர் ஒழுங்காகத் தூங்கவுமில்லை, உட்காரவுமில்லை. ஆலிவ் மரங்களுக்கு நடுவே தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தார். மரத்தடிக்கு ஒதுங்கிய ஆடுகள் எழுந்து ஓடின. அடுத்த வெள்ளிக்கிழமை போனைச் சாய்த்து வைக்கச் சொன்னார். கொட்டைத் தொடவில்லை. அடையாள அட்டையை எடுத்துத் திரைக்கு முன்னால் காட்டினார்.

"இது என் கார்டு. மர்சூக். அதுக்கு அடுத்து அத்தீக்னு ஒரு வார்த்த. அப்புறம் ஹாஜி ஷாபான் குடும்பப் பேரு. இந்த வீட்டுக்காரங்க விடுதலை பண்ணி விட்ட ஆளுன்னு அர்த்தம். கேட்டுக்கங்க. அடிமை வெக்கக் கூடாதுன்னு அப்ப ராஜாவா இருந்த பே சட்டம் போட்டது நான் பொறக்கறதுக்கு நூத்திப்பத்து வருஷத்துக்கு முன்னாடி. அப்ப என்னைய யாரு புடிச்சது? யாரு விட்டது? எனக்கு ஞாபகமில்ல. உங்க யாருக்காவது ஞாபகம் இருந்தா எழுதுங்க."

தண்ணீர் குடித்தார். திரையைப் பார்க்கவில்லை.

"எங்கள ஆப்பிரிக்காக்காரன்ங்கறாங்க. சொல்றவன் வீடு எங்க இருக்கு? எங்க வீட்டுக்கு நாலாவது வீடு. என் வீடு ஆப்பிரிக்காவுல இருக்கு, அவன் வீடு மட்டும் பாரிஸ்ல இருக்கா? எனக்குக் கறுப்புன்னா என்னன்னு அறுவது வயசு வரைக்கும் தெரியாது. தோலுன்னு நெனச்சேன். போன்ல பாத்தப்புறந்தான் தெரிஞ்சுது, அது ஒரு ஊரு. பெரிய ஊரு. பஸ்ராவுல ஒரு தெரு, பிரேசில்ல ஒரு தெரு, என் வாசல்ல ஒரு தெரு. அந்த ஊர்ல யாரும் என்கிட்ட பாட்டன் பேரு கேக்கல. ஸுஹ்ரா, உன்னை எசமாட்டின்னதுக்கு மன்னிச்சுக்கம்மா. இன்னிலேர்ந்து நான் பேரு கூவுவேன், நல்லாவே கூவுவேன், என்னை விட யாரும் கூவ முடியாது. எசமான்னு மட்டும் வராது. அப்புறம் இன்னொண்ணு. ஷாபான் மகன் கல்யாணத்துல மூணு நாள் அடிச்சேன். ஒரு மில்லிம் கேக்கலன்னு எழுதியிருக்கான். கேட்டேன். மூணு தடவ கேட்டேன். அறுநூறு. இன்னும் வரல."

ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். தீவில் அவருக்கு முன்னால் இரண்டு லட்சம் பேரை ஒரே அமர்வில் கேட்க வைத்தவன் எவன் இருக்கிறான்? இமாம்கூட இல்லை.

வந்த புகழுக்கு விலையும் கூடவே வந்தது. அந்தக் கோடைக்குப் பேசி வைத்திருந்த ஒன்பது கல்யாணத்தில் ஏழு கைவிட்டுப் போயின. ஒருவர் வீட்டில் சாவு என்றார், ஒருவர் பாட்டுப் பெட்டி போதும் என்றார், ஒருவர் காரணமே சொல்லவில்லை. சல்ஹாவைக் கூப்பிடுகிற மணப்பெண்களும் பாதியாகக் குறைந்தார்கள். பூபக்கர் குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்று கத்தினான்.

"மச்சான், நீ பெரிய ஆளுதான், நான் ஒத்துக்கறேன். உன் வாயி என் அடுப்ப அணைச்சிருச்சே! எனக்கு அஞ்சு புள்ளைங்க. எசமான்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு வெந்துருமா?"

"வெந்துதான் போச்சு. இப்பதான் பாத்தேன்."

"எசமான்னு சொல்லு, மனசுக்குள்ள கழுதன்னு நெனச்சுக்க. எங்கப்பன் அப்படித்தான் சொன்னான்."

"உங்கப்பன் செத்தப்ப வந்தவனுக்கெல்லாம் அவர் மனசுக்குள்ள நெனச்சது கேட்டுச்சா?"

பூபக்கர் குழலைத் தூக்கி அடிக்கப் போய், குழல் விலை ஞாபகம் வந்து இறக்கிக்கொண்டான். ஒரு மாதம் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மர்சூக் அறுபத்தோரு வயதில் மறுபடி துறையில் கூடை தூக்கினார். வெட்கமா? மீன் ஏலத்தில் அவரைப் போலக் கூடையைச் சிந்தாமல் தூக்குகிறவன் இன்றும் இல்லை. ஆனால் இடுப்பு கேட்டால்தானே. மதியம் வீட்டுக்கு வந்து படுப்பார், படுக்க முடியாமல் எழுவார், போனைத் திறப்பார். காபிஸிலிருந்து ஒருவன், தத்தாவினிலிருந்து ஒருவன், ஜர்ஜீஸிலிருந்து ஒருவன் என்று கொட்டுக்காரர்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். எனக்கும் ஒரு வீடு முன்னூறு தரணும். எனக்கு எண்ணூறு, எங்கப்பாவோட கணக்கு. மர்சூக் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னார். "முன்பணம் கையில எண்ணி வாங்கு. அப்புறம் கொட்டுத் தோலக் காய வை."

அப்போதுதான் ஹாஜி ஆள் அனுப்பினார். வந்தவர் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர், இரண்டு பக்கத்திலும் டீ குடிக்கிறவர்.

"மர்சூக், ஹாஜிக்கு மனசு கேக்கல. ஆயிரம் தர்றேன்கறார்."

"ஆயிரமா? அறுநூறுதானே?"

"ஆயிரம். பால் குடிச்ச வீட்டுக்கு அன்பளிப்பா. நீ அந்த வீடியோவ அழிச்சிட்டு, வந்து அவர் தலைல ஒரு முத்தம் குடுத்துட்டு வாங்கிக்க. பழைய மாதிரி எல்லாம் சரியாப் போயிரும்."

வாத்தியார் போன பிறகு சல்ஹா அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "ஆயிரம்னா பெரிய காசு மனுஷா. கூரை ஒழுகுது."

"என்ன பண்ணச் சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல. கூரை ஒழுகுதுன்னேன்."

மர்சூக் போனைக் கையில் எடுத்தார். அழிக்கவா என்று கேட்கிற இடம் வரை போனார். அந்தத் தடித்த விரல் அதன்மேல் நின்றது. வேறு நேரமாக இருந்தால் ஒன்றைத் தொட மூன்று திறக்கும். இப்போது துல்லியமாக அதே இடத்தில் நின்றது. பிறகு பழைய கல்யாண வீடியோவைத் தேடி எடுத்து, மாப்பிள்ளை எழுதிய வரியை இன்னொரு தடவை கூட்டி வாசித்தார். மூன்று மஞ்சள் முகமும் அங்கேயே சிரித்துக்கொண்டிருந்தன.

"ஆயிரம் வாங்கினா அவன் எழுதினது நெசமாயிரும் சல்ஹா. கேக்கலன்னு ஆயிரும். நாங்களா குடுத்தோம்னு எழுதுவான்."

"அப்ப கூரை?"

"நான் ஏறிப் பூசறேன்."

"விழுந்து செத்தா நான் அழ மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவளே ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தாள்.

அடுத்த வருடம் கோடை தொடங்கும்போது ஹாஜியின் கடைசி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை ஜர்ஜீஸ்காரன், பெரிய வீடு. மாப்பிள்ளையின் அம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: பெண் கொட்டுச் சத்தத்தோடு வீட்டுக்குள் வர வேண்டும், பாட்டுப் பெட்டிச் சத்தத்தில் வருகிற பெண் எனக்கு வேண்டாம். ஹாஜி காபிஸுக்குப் போன் போட்டார். அங்கே இருந்த கொட்டுக்காரன் மரியாதையாகத்தான் பேசினானாம். "வர்றோம் ஹாஜி, தாராளமா வர்றோம். மர்சூக் அண்ணனோட அறுநூறு முடிஞ்சுதா?" ஜர்ஜீஸுக்குப் போட்டார். அங்கேயும் அதே கேள்வி. தத்தாவினில் இருந்தவன் இன்னும் ஒரு படி மேலே போய், முடிந்ததா என்பதை மர்சூக் அண்ணன் வாயாலேயே லைவில் கேட்டுக்கொள்கிறோம் என்றானாம்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, நல்ல வெயிலில், ஹாஜி ஷாபான் மர்சூக்கின் வீட்டு வாசலுக்கு நடந்து வந்தார். அந்த வீடு கட்டி முப்பத்தொரு வருடத்தில் அவர் அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. பூபக்கரும் அங்கே இருந்தான். சமாதானமாகி, குழலுக்கு நாணல் சீவிக்கொண்டிருந்தான். மர்சூக் எழுந்து நின்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சல்ஹா பாதாம் போட்டு டீ கொண்டுவந்தாள்.

"என்னைத் தெருவுல இழுத்து விட்டுட்டியேடா" என்றார் ஹாஜி.

"உக்காருங்க ஹாஜி. டீ ஆறுது."

"ஹாஜியா? எசமான்னு வாய் நெறையக் கூப்பிடுவியே."

"வாய்ல புண்ணு."

பூபக்கர் நாணலைக் கடித்துக்கொண்டான். ஹாஜி டீயைத் தொடவில்லை.

"நாம ரெண்டு பேரும் ஒரே மார்ல குடிச்சவங்கடா. நீ எனக்குத் தம்பி. தம்பி அண்ணனுக்குக் கணக்குப் போடுவானா?"

"அண்ணன் தம்பின்னா சரி. போன கல்யாணத்துல எனக்கு எங்க சோறு போட்டீங்க?"

ஹாஜி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"சமையக்கட்டுக்குப் பின்னால, செக்குக் கழுத கட்டற எடத்துல. ஆறு பேருக்கும் ஒரே தட்டுல. அண்ணன் உள்ள பெரிய மனுஷங்களோட சாப்ட்டீங்க. எங்க பொண்ணு நஜ்மாவ உங்க ரெண்டாவது பையனுக்குக் கேக்கலாமான்னு சல்ஹா வெளையாட்டாச் சொன்னப்ப, உங்க வீட்டுல அவ டீ குடிச்ச டம்ளரையே ஒடச்சுப் போட்டாங்க. தம்பி பொண்டாட்டி குடிச்ச டம்ளரா இருந்தா ஒடப்பாங்களா?"

"அதெல்லாம் பொம்பளைங்க பண்றது."

"நான் அத கேக்க வரலயே. நான் அறுநூறு கேக்கறேன். அது ஆம்பளைங்க பேசினது. நீங்களும் நானும் கையத் தட்டிப் பேசினது."

வெயில் முற்றத்தின் பாதிக்கு வந்திருந்தது. ஹாஜி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவருக்கும் வயது அறுபத்திரண்டு, இடுப்பு வலிக்கிற ஆள்தான். மகள் கல்யாணம் ஒன்பது நாளில். வாசலுக்கு வெளியே இரண்டு பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்று, போக மனசில்லாமல் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"குடுத்தா வந்து அடிப்பியா?"

"அது வேற பேச்சு. அதுக்கு வேற கூலி, அத முன்னாடியே எண்ணணும். இது பழசு."

"உன் வீம்பு இருக்கே..."

"கொட்டடிச்சுச் சம்பாதிச்சது. வேற யாரும் குடுக்கல."

ஹாஜி அங்கிக்குள் கைவிட்டு ஒரு காகித உறையை எடுத்தார். அதை டீத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "இந்தா. ஆயிரமே இருக்கு. எடுத்துக்க, எண்ண வேண்டாம்."

மர்சூக் உறையைத் திரும்ப ஹாஜி பக்கம் தள்ளினார். பிறகு வலது கையை நீட்டினார். தடித்த விரல்கள், நாற்பத்தாறு வருடம் தோலை அடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கை.

"அறுநூறு. கையில எண்ணுங்க."

ஹாஜி அந்தக் கையைப் பார்த்தார். பூபக்கரைப் பார்த்தார். வாசலில் நின்ற குடங்களைப் பார்த்தார். உறையைப் பிரித்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, முதல் இருபது தினார் நோட்டை மர்சூக்கின் கையில் வைத்தார்.

"ஒண்ணு."

"சத்தமா எண்ணுங்க ஹாஜி. சல்ஹாவுக்குக் காது மந்தம்."

"எனக்கென்ன மந்தம்?" என்றாள் சல்ஹா உள்ளிருந்து. "நல்லாக் கேக்குது. ஆனா சத்தமா எண்ணட்டும்."

"ரெண்டு" என்றார் ஹாஜி, கொஞ்சம் உரக்க. "மூணு. நாலு."

பத்தில் ஒரு தடவை மூச்சு வாங்கினார். பதினேழில் கணக்குத் தவறி, பதினாறா பதினேழா என்று கேட்டார். பூபக்கர் பதினேழு என்றான். இருபத்தைந்துக்கு மேல் நோட்டுகள் பழசு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. பிரித்துப் பிரித்து வைத்தார். இருபத்தொன்பதில் நிறுத்தினார். நீட்டிய கை அப்படியே நின்றது, விரல் மடங்கவில்லை.

"முப்பது" என்று ஹாஜி ஷாபான் கடைசி நோட்டைத் திறந்த உள்ளங்கையில் வைத்தார்.